பழைய வீட்டுப் பெயின்ட்டில் ஈயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கும் அல்லது வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். பதில்களில் 'ஈயம்' என்று வரும் இடமெல்லாம் காரீயத்தையே (லெட்) சொல்கிறோம். வெள்ளீயம் (டின்) வேறு உலோகம். அதைப் பற்றியும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: எடிசனில் 1955-இல் கட்டிய வீட்டுக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம். ஈயப் பெயின்ட் படிவத்தில் விற்பவர், 'எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை' என்று டிக் செய்திருக்கிறார். 'ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் எப்படியும் செய்வீர்கள், ஈயச் சோதனை உரிமையை விட்டுக்கொடுங்கள், ஆஃபர் வலுவாக இருக்கும்' என்கிறார் ஏஜென்ட். மகளுக்கு இரண்டு வயது. என்ன செய்யலாம்?
— எடிசன், நியூ ஜெர்சி

விட்டுக்கொடுக்காதீர்கள். விற்பவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்பதுதான் சட்டம். தெரிந்துகொள்ளும் கட்டாயம் அவருக்கு இல்லை. ஒருநாளும் சோதித்துப் பார்க்காதவர் அந்தக் கட்டத்தில் நேர்மையாகவே டிக் செய்யலாம். அதை 'ஈயம் இல்லை' என்று நீங்கள் படித்துவிடக் கூடாது.

வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் அமெரிக்கா முழுவதும் தடைசெய்யப்பட்டது 1978-இல். அரசுக் கணக்கெடுப்பின்படி, 1940-க்கு முன் கட்டிய வீடுகளில் 87 சதவீதத்திலும், 1940 முதல் 1959 வரை கட்டியவற்றில் 69 சதவீதத்திலும், 1960 முதல் 1977 வரை கட்டியவற்றில் 24 சதவீதத்திலும் ஈயப் பெயின்ட் எங்காவது ஓரிடத்தில் இருக்கிறது. உங்கள் வீடு நடுவில் சொன்ன வகை. மூன்றில் இரண்டு வீட்டுக்கு மேல் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

1992-இல் வந்த கூட்டரசுச் சட்டப்படி, வாங்குபவருக்கு ஈயச் சோதனை செய்துகொள்ள 10 நாள் அவகாசம் தர வேண்டும். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாட்களைக் கூட்டலாம், குறைக்கலாம். போட்டி அதிகம் என்றால் உரிமையையே விடுவதற்குப் பதிலாக, ஹோம் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொடுத்த அதே நாட்களுக்குள் முடித்துவிடுகிறோம் என்று கேளுங்கள். உரிமம் பெற்ற ஆள் கிடைத்துவிட்டால் வீட்டைச் சோதிக்க அரை நாள் போதும்.

சாதாரண ஹோம் இன்ஸ்பெக்டர் கூரை, கொதிகலன், மின் இணைப்பு எல்லாம் பார்ப்பார். ஈயத்தை அளக்க மாட்டார். அதற்குத் தனி உரிமமும் தனிக் கருவியும் வேண்டும். உரிமம் உள்ளவரைக் கூப்பிடும்போது எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். 'லெட் இன்ஸ்பெக்‌ஷன்' என்பது எந்தெந்தப் பரப்பில் ஈயப் பெயின்ட் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். 'ரிஸ்க் அசெஸ்மென்ட்' என்பது பெயின்ட்டின் நிலை, தரைத்தூசி, மண் ஆகியவற்றைப் பார்த்து இன்று உங்கள் குழந்தைக்கு ஆபத்து எங்கே என்று சொல்லும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதற்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஈயத்தை அகற்றும் வேலையையும் தானே எடுத்துச் செய்யும் நிறுவனத்திடம் சோதனையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: இன்ஸ்பெக்டர் வந்து கையடக்கக் கருவி ஒன்றைச் சுவரில் வைத்து வைத்து எடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். 22 பக்க அறிக்கை வந்திருக்கிறது, முழுக்க எண்கள். அவர் ஒழுங்காகச் செய்தாரா என்று எங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?
— நேப்பர்வில், இல்லினாய்

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பெரும்பாலான குறைகள் அப்போதே தெரிந்துவிடும்.

அந்தக் கருவியை எக்ஸ்ஆர்எஃப் என்பார்கள். எக்ஸ் கதிரையோ காமா கதிரையோ பெயின்ட்டுக்குள் செலுத்தி, ஈயம் திருப்பி உமிழும் கதிரை அளக்கும். பத்து அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் 1930-இல் அடித்த ஈயம் இருந்தாலும், சுரண்டாமலேயே கண்டுபிடிக்கும். சட்டப்படி ஈயப் பெயின்ட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.0 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். ஆய்வகத்தில் எடையாகப் பார்த்தால் 0.5 சதவீதம் அல்லது அதற்கு மேல்.

முதலில் பார்க்க வேண்டியது அளவுத்திருத்தச் சோதனை. ஈயத்தின் அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு படலத்தின் மேல் கருவியை வைத்து மூன்று அளவீடு எடுக்க வேண்டும். வேலை தொடங்கும்போது ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை, வேலை நீண்டால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. அந்த எண்கள் அறிக்கையில் இல்லையென்றால் மற்ற எண்களுக்கு ஆதாரம் இல்லை. திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

அடுத்து, சுவர்களின் பெயர். தெருவைப் பார்த்த பக்கம் 'ஏ'; அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 'பி', 'சி', 'டி'. ஒவ்வொரு வரியிலும் அறை, பக்கம், உறுப்பு, அடியில் இருக்கும் பொருள் (மரமா, பிளாஸ்டரா, ஜிப்சம் பலகையா, உலோகமா), நிறம், பெயின்ட்டின் நிலை, எண், முடிவு எல்லாம் இருக்க வேண்டும். 'படுக்கையறை, சுவர், இல்லை' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது போதாது. நான்கு சுவரையும் தனித்தனியே அளந்திருக்க வேண்டும். ஒரே அறையில் ஒரு சுவர் மட்டும் பின்னாளில் புதிதாகக் கட்டியதாக இருக்கலாம்.

ஒன்றரை மணி நேரம் என்கிறீர்கள். மூன்று படுக்கையறை வீட்டில் அளவீடுகள் நூறைத் தாண்டுவது சாதாரணம். அறிக்கையில் நாற்பது, ஐம்பதுதான் இருக்கிறது என்றால் எதை விட்டார் என்று தேடுங்கள். பெரும்பாலும் சன்னல்தான். சன்னல் என்பது ஒரு உறுப்பு கிடையாது: மேலும் கீழும் நகரும் சட்டம், அது உரசும் பக்கக் கட்டை, உள்பக்கத் திட்டு, சட்டம் வந்து உட்காரும் வெளிப்பக்கப் பள்ளம், சுற்றியுள்ள அலங்காரச் சட்டம் என்று ஒவ்வொன்றும் தனி அளவீடு. சன்னல் பெயின்ட்டால் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை என்று பள்ளத்தை விட்டுவிடுவார்கள். வீட்டிலேயே அதிக ஈயத்தூசி தேங்கும் இடம் அதுதான். கதவு நிலை, படிக்கட்டுக் கைப்பிடி, பேஸ்போர்டு, ரேடியேட்டர், அலமாரியின் உள்பக்கம், வராந்தாவின் தரையும் தூணும், கராஜ், வெளிச்சுவர்ப் பலகை இவையும் இருக்கிறதா பாருங்கள். வார்னிஷ் அடித்த மரமும் கணக்கில் சேரும். 'இது பெயின்ட் இல்லையே' என்று விடக் கூடாது.

குளியலறைத் தொட்டி, சுவர் ஓடுகள் ஆகியவற்றில் எண் மிக அதிகமாக வந்திருந்தால் பதற வேண்டாம். அவற்றின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருப்பது வழக்கம். உடையாத வரை அது உதிர்வதில்லை. குளியலறையை இடித்துக் கட்டும் நாளில் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் மூன்று வகை வரலாம்: உண்டு, இல்லை, தெளிவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை 'தெளிவில்லை' என்று அதற்கான செயல்திறன் தாளில் இருக்கும். சில கருவிகளுக்கு அந்த இடைவெளியே கிடையாது. 'தெளிவில்லை' என்று வந்தால் பெயின்ட் துணுக்கை வெட்டி, இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சுமார் இரண்டுக்கு இரண்டு அங்குலம், எல்லா அடுக்கும் அடிவரை வர வேண்டும். எடைச் சதவீதமாகக் கேட்டால் மரத்தூள் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. மரத்தின் எடையும் சேர்ந்து ஈயத்தின் சதவீதம் பொய்யாகக் குறைந்துவிடும்.

இன்னொன்று. 0.7, 0.8 என்று வந்த இடங்களில் 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பார். சட்டப்படி சரி. ஆனால் 0.8 என்பது பூஜ்யம் ஆகாது. நியூயார்க் நகரம் 2021 டிசம்பரிலிருந்து 0.5-ஐயே வரம்பாக வைத்திருக்கிறது. அந்த இடங்களை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வரும் தூசியிலும் ஈயம் இருக்கும். 0.3-க்கு மேல் வந்த வரிகளையெல்லாம் பென்சிலால் குறித்து வையுங்கள். பின்னாளில் வேலை செய்ய வருகிறவரிடம் காட்டலாம்.

கேள்வி: கடையில் வாங்கிய ஈயச் சோதனைக் குச்சியால் சுவரில் தேய்த்தேன். நிறம் மாறவில்லை. நம்பலாமா?
— ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

நம்ப முடியாது. மேலே தேய்த்தால் மேல் அடுக்கைத்தான் சோதிக்கிறீர்கள். அது 1995-இல் அடித்த பெயின்ட்டாக இருக்கும். ஈயம் அதற்குக் கீழே எத்தனையாவது அடுக்கிலோ இருக்கும். கூரான கத்தியால் சாய்வாக, அடிப்பலகை தெரியும் வரை வெட்டி, எல்லா அடுக்கின் விளிம்பும் குச்சியில் படும்படி தேய்க்க வேண்டும்.

அப்படிச் செய்தாலும் வேதியியலில் இடறல்கள் உண்டு. சிவப்பாக மாறும் வகை, பிளாஸ்டர் சுவரிலும் ஜிப்சம் பலகையிலும் ஏமாற்றும்: ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட் குறுக்கிட்டு, ஈயம் இருந்தும் நிறம் வராமல் செய்துவிடும். பழைய பெயின்ட்டே சிவப்பு என்றால் அந்தச் சாயம் குச்சியில் இறங்கி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். கறுப்பாக மாறும் சல்ஃபைட் வகையில், அடர்நிறப் பெயின்ட்டின் மேல் மாற்றமே கண்ணுக்குத் தெரியாது.

இபிஏ ஒருசில கிட்களை அங்கீகரித்தது உண்மை. ஆனால் 'உண்டு', 'இல்லை' இரண்டையும் நம்பகமாகச் சொல்வதற்கான வரம்பை எந்தக் கிட்டும் எட்டவில்லை. 'இல்லை' என்று சொல்வதற்கு மட்டுமே அங்கீகாரம், அதுவும் பயிற்சிச் சான்று பெற்ற ஒப்பந்தக்காரர் முறைப்படி பயன்படுத்தினால். இணையத்தில் மலிவாக விற்கும் பல கிட்களுக்கு அதுவும் கிடையாது. குச்சியில் 'உண்டு' என்று வந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். 'இல்லை' என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு வயதுப் பரிசோதனையில் மகனுக்கு ரத்தத்தில் ஈயம் 6 என்று வந்தது. 1928-இல் கட்டிய வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பெயின்ட் எங்கும் உரிந்திருக்கவில்லை, அவன் சுவரைச் சுரண்டித் தின்றதும் இல்லை. பின் எங்கிருந்து வந்திருக்கும்?
— வுஸ்டர், மாசசூசெட்ஸ்

தூசியிலிருந்து வந்திருக்கலாம். குழந்தை பெயின்ட் துணுக்கைத் தின்ன வேண்டியதில்லை. தவழும் வயதில் தரையில் வைத்த கை நேரே வாய்க்குப் போகிறது. சன்னலைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சட்டமும் பக்கக் கட்டையும் உரசி, கண்ணுக்குத் தெரியாத பொடி உதிர்கிறது. பெயின்ட் பார்க்க நன்றாக இருந்துகொண்டே இது நடக்கும்.

விரலில் குத்தி எடுத்த ரத்தம் என்றால் முதலில் நரம்பிலிருந்து எடுத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். விரல் தோலில் ஒட்டியிருந்த தூசியே எண்ணை ஏற்றிவிடும். ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது 2021-இலிருந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அளவுகோல். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஈயத்தை வெளியேற்றும் மருந்தை மருத்துவர்கள் பொதுவாக 45-ஐ எட்டினால்தான் யோசிப்பார்கள். 6-க்குச் சிகிச்சை, ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைப்பதுதான். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாசசூசெட்ஸில் 1978-க்கு முந்தைய வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வாழ்ந்தால், ஈய அபாயத்தைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. நகரச் சுகாதாரத் துறைக்கோ மாநிலத்தின் குழந்தைகள் ஈய நச்சுத் தடுப்புப் பிரிவுக்கோ தெரிவித்து ஆய்வு கேளுங்கள். அதற்கிடையில் தூசி மாதிரியை நீங்களே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சட்ட வழக்குக்கு உதவாது, எங்கே கவனிக்க வேண்டும் என்று உடனே தெரியும்.

எடுப்பதற்கு முன் வீட்டைக் கழுவித் துடைக்காதீர்கள். ஆய்வகமே ஈயச் சோதனைக்கான ஈரத்துடைப்பான், மூடியுள்ள பிளாஸ்டிக் குழாய் அனுப்பும். குழந்தையின் ஈரத்துடைப்பானைப் பயன்படுத்த வேண்டாம்; சில வகை ஆய்வகத்தில் கரையாது. தரையில் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் டேப்பால் சதுரம் கட்டுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. மேலிருந்து கீழாக இடவலமாக 'எஸ்' வடிவில் துடையுங்கள். அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, செங்குத்துத் திசையில் மறுபடி. மீண்டும் மடித்து ஓரங்களையும் மூலைகளையும் துடைத்துக் குழாய்க்குள் போடுங்கள். இடம், அளவு, நேரம் எழுதி ஒட்டுங்கள். எதையும் துடைக்காத வெறும் துடைப்பான் ஒன்றையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்து அனுப்புங்கள். குழந்தை தூங்கும் அறை, விளையாடும் இடம், சமையலறை, வாசல் உள்பக்கம் ஆகிய நான்கிலும் தரை. படுக்கையறையிலும் விளையாடும் இடத்திலும் சன்னல் திட்டும் வெளிப்பள்ளமும்.

திட்டில் பரப்பைக் கணக்கிடுவதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். 30 அங்குல நீளம், 3 அங்குல அகலம் என்றால் 90 சதுர அங்குலம். 144-ஆல் வகுத்தால் 0.625 சதுர அடி. துடைப்பானில் 50 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால், ஒரு சதுர அடிக்கு 80. பரப்பை எழுதாமல் அனுப்பினால் ஆய்வகம் வெறும் 50 என்றே தரும். நீங்கள் குறைவாக நினைத்துவிடுவீர்கள்.

2024 அக்டோபரில் இபிஏ இறுதிசெய்த விதிப்படி, அகற்றும் வேலைக்குப் பின் ஒரு சதுர அடியில் இருக்கும் தூசி ஈயம் தரையில் 5, சன்னல் திட்டில் 40, வெளிப்பள்ளத்தில் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும். முன்பு இவை 10, 100, 400 ஆக இருந்தன. பழைய எண்களை வைத்து 'பாஸ்' என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

முடிவு வரும் வரை: தொட்டிலையும் விளையாட்டுப் பொருட்களையும் சன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள். கீழ்ச்சட்டத்தைத் திறக்காமல், முடிந்தால் மேல்சட்டத்தை இறக்கிக் காற்று வாங்குங்கள். துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படியும். சாதாரண வாக்குவமும் நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும். ஹெபா வடிகட்டி (நுண்தூசியையும் பிடித்துவைப்பது) உள்ள வாக்குவம், பிறகு ஈரத்துணி. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலச நல்ல தண்ணீர், அறைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி. வாசலில் செருப்பைக் கழற்றும் நம் வழக்கம் இங்கே உண்மையாகவே காப்பாற்றும். ஆனால் செருப்பு அடுக்கு கதவுக்கு உள்ளே இருந்தால், தவழும் குழந்தை அதைத் தொடாதபடி வெளியே வையுங்கள்.

பெயின்ட்டோடு நிற்காமல் வீட்டில் உள்ள குங்குமம், மூட்டையில் ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், நாட்டு மருந்து ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நியூ ஜெர்சிக் கடைகளிலும் இந்தியாவிலும் வாங்கிய குங்கும மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது.

கேள்வி: புது அபார்ட்மென்டுக்கு வீட்டுக்காரர் 'லெட்-சேஃப்' சான்றிதழ் கொடுத்தார். ஈயமே இல்லை என்று அர்த்தமா?
— ஜெர்சி சிட்டி

இல்லை. 'லெட்-ஃப்ரீ' என்றால்தான் ஈயப் பெயின்ட் இல்லை. 'லெட்-சேஃப்' என்றால் சோதித்த அன்று ஈய அபாயம் காணப்படவில்லை என்று மட்டும் பொருள். பெயின்ட்டுக்கு அடியில் ஈயம் தாராளமாக இருக்கலாம்.

2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியூ ஜெர்சிச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர 1978-க்கு முந்தைய வாடகை வீடுகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அல்லது குடித்தனம் மாறும்போது சோதிக்க வேண்டும். சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். அது செல்லுபடியாகும் காலத்தில் குடித்தனம் மாறினால் புதுச் சோதனை தேவையில்லை. அதனால் முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு எந்த முறையில் சோதித்தார்கள் என்று பாருங்கள். குழந்தைகளிடம் ஈய அளவு அதிகமாகக் காணப்பட்ட ஊர்களில் தூசி மாதிரி எடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் கண்ணால் பார்த்தாலே போதும். கண்ணால் மட்டும் பார்த்துத் தந்த சான்றிதழ் என்றால், குழந்தை உள்ள வீட்டில் தூசி மாதிரிக்கு நீங்கள் தனியாகச் செலவழிப்பது வீண்போகாது. முதலைத் தோல் போல் கட்டம் கட்டமாக வெடித்த பெயின்ட்டைக் கண்டால் படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: சன்னல்களை மாற்ற ஒருவர் மலிவாகக் கேட்கிறார். ஈயம் இருப்பது அறிக்கையில் தெரியும். நாங்கள் வீட்டில் இருக்கும்போதே செய்யலாமா?
— எடிசன்

அவரிடம் இபிஏ அல்லது மாநிலத்தின் 'ஆர்ஆர்பி' சான்று (ஈயப் பெயின்ட்டைக் கலைக்கும் புதுப்பிப்பு வேலைக்கானது) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2010 ஏப்ரலிலிருந்து, 1978-க்கு முந்தைய வீட்டில் கூலிக்கு வேலை செய்பவர் உள்ளே ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேலோ, வெளியே 20 சதுர அடிக்கு மேலோ பெயின்ட்டைக் கலைத்தால் அந்தச் சான்று கட்டாயம். சன்னலை மாற்றும் வேலைக்கு இந்தச் சிறுவேலை விலக்கே கிடையாது. ஒரே சன்னல் என்றாலும் சான்று வேண்டும். மலிவாகக் கேட்பவரிடம் பெரும்பாலும் அது இருக்காது.

முறையான வேலையில், உள்ளே வேலை நடக்கும் இடத்திலிருந்து 6 அடி வரை தரையில் பிளாஸ்டிக், வெளியே 10 அடி வரை. ஹீட்டரின் காற்று வாய்கள் மூடி ஒட்டப்பட்டிருக்கும். இதை மறந்தால் தூசி எல்லா அறைக்கும் போகும். கழற்றும் முன் தண்ணீர் தெளிப்பார்கள். தீயால் எரிப்பது, 1100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடேற்றுவது, ஹெபா இணைக்காத மின் தேய்ப்பான் மூன்றும் தடை. நீங்களும் குழந்தையும் அந்த அறைக்குள் போகக் கூடாது; முடிந்தால் வேறு வீட்டில் தங்குங்கள்.

சொந்த வீட்டில் நீங்களே செய்தால் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கிளம்பும் தூசி அதே தூசிதான். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் நீங்களே செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். வேலை முடிந்து சுத்தம் செய்து ஒரு மணி நேரம் கழித்துத் தூசி மாதிரி எடுக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முடிவு சரியாக வந்த பிறகு கடைசித் தவணை.

கேள்வி: அம்மா கொடுத்த ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோம். இதே ஈயமா?
— டாலஸ்

இருக்கக் கூடாது. ஈயச்சொம்பு, ஈயம் பூசிய பித்தளை எல்லாம் வெள்ளீயத்தால் செய்ய வேண்டியவை, நஞ்சு காரீயம். ஆனால் காரீயம் மலிவு, கலந்தால் கண்ணால் தெரியாது. புளியும் சூடும் சேர்ந்தால் கலந்திருக்கும் காரீயம் ரசத்தில் இறங்கும். காரீயம் எடை அதிகம், வெள்ளைத்தாளில் தேய்த்தால் கருங்கோடு விழும் என்பார்கள். பாதி கலந்த சொம்பை இந்தச் சோதனைகளால் பிடிக்க முடியாது. உலோகச் சோதனைக் கூடத்தில் கொடுத்து அறியும் வரை அடுப்பில் ஏற்றாதீர்கள். சிறு குழந்தை, கர்ப்பிணி உள்ள வீட்டில் எவர்சில்வரே நல்லது.

கேள்வி: ஊரில் அறுபது வருஷத்து வீட்டைக் கல்யாணத்துக்காகப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தையோடு போகிறோம். இந்தியப் பெயின்ட்டிலும் ஈயம் உண்டா?
— அட்லாண்டா

உண்டு. இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்ட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை இன்னும் கூடுதலாக, ஏனென்றால் அந்த நிறங்களுக்கு லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் பயன்பட்டது. சுண்ணாம்பு அடித்த சுவரைவிடக் கதவு, நிலை, சன்னல் கம்பி, கேட், ஊஞ்சல் சங்கிலி, பழைய தொட்டில் இவைதான் கவலைக்குரியவை. இரும்பில் அடியில் அடித்த சிவப்பு, செவ்வீயமாகவும் (ஈயத்தால் ஆன சிவப்பு நிறமி) இருக்கலாம், இரும்பு ஆக்சைடு மட்டுமாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது.

பெயின்ட்டரிடம் மூன்று விஷயம் சொல்லச் சொல்லுங்கள். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கட்டும். பழைய எனாமலைத் தீ வைத்து உரிக்கவே கூடாது. அந்தப் புகையே ஈயம். உரித்ததை முற்றத்தில் கூட்டித் தள்ளாமல் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தட்டும். புதுப் பெயின்ட் டப்பாவில் 90 பிபிஎம் பற்றிய வாசகம் இருக்கிறதா பாருங்கள். வேலை முடிந்து, தரையைத் தண்ணீர் விட்டு இரண்டு முறை கழுவிய பிறகு குழந்தையோடு போய் இறங்குங்கள். பாட்டி எடுத்துவைத்திருக்கும் பழைய தொட்டிலைப் படத்துக்கு மட்டும் வையுங்கள். பல் முளைக்கும் குழந்தை அதன் விளிம்பைத்தான் கடிக்கும்.

கேள்வி: பின்கட்டில் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் வெயில் விழுகிறது. அங்கே கீரையும் வெங்காயமும் போடலாமா? வீடு 1930-இல் கட்டியது.
— டிராய், மிச்சிகன்

சோதிக்காமல் வேண்டாம். வெளிச்சுவரிலிருந்து தொண்ணூறு ஆண்டாக உதிர்ந்த பெயின்ட், கூரைத் தண்ணீர் சொட்டும் அந்தக் கோட்டில்தான் சேர்ந்திருக்கும். பல இடங்களில் மேல்மண்ணை அரை அங்குல ஆழம் எடுத்துக் கலந்து, ஒரு மாதிரியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தோட்டத்து நடுவிலிருந்து இன்னொன்று தனியாக. குழந்தை விளையாடும் மண்ணில் 400 பிபிஎம், மற்ற இடத்தில் 1200 பிபிஎம் என்பது 2001-இலிருந்து உள்ள இபிஏவின் அபாய வரம்பு. உண்ணும் பயிருக்கு அதைவிட மிகக் குறைவாக இருப்பதே நல்லது.

கீரையில் வேர் வழி ஏறுவதைவிட இலையில் ஒட்டும் மண்தான் பெரிய சிக்கல். முள்ளங்கி, கேரட் போன்றவை மண்ணுக்குள்ளேயே வளர்கின்றன. தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்களில் குறைவு. வேறு இடம் இல்லையென்றால் அடியில் துணி விரித்து, ஓரடி உயரப் பெட்டியில் வெளியிலிருந்து வாங்கிய மண்ணைப் போட்டு, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்டிக்குப் பழைய பெயின்ட் அடித்த பலகையைப் பயன்படுத்தாதீர்கள். சுவரோரத்தில் வெறும் மண் தெரியாதபடி புல்லோ மரச்சீவலோ போட்டு மூடிவிடுங்கள்.